அரக்கு ஊருக்குப் போன பிரம்பு

எங்கள் துரை கை நீட்டாமல் ஒரு நாள் கழிந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போதே ஆரம்பித்துவிடுவார். பிந்தி வந்தவனுக்கு ஓர் அடி, நேரத்துக்கு வந்து வாய் பேசியவனுக்கு இரண்டு. லுணுகலைக்கு மேலே, மலையை வளைத்து ஏறும் பாதையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்து லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துரை எந்த மலையில் நிற்கிறார் என்பது பிரம்புச் சத்தத்தில் தெரிந்துவிடும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நாங்கள் அப்படித்தான் அவரைத் தவிர்த்து நடந்தோம்.

நான் அவருடைய பங்களாவில் ஆயாவாக இருந்தேன். துரைசாணி பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சலில் போய்விட்டார். அதே மாதம் லயத்தில் எனக்குப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பால் கட்டி, வலியில் சுருண்டு கிடந்த என்னைக் கங்காணி வந்து பங்களாவுக்கு அழைத்துப் போனார். ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை மடியில் வைத்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் பிள்ளை போய், அடிக்கிறவன் பிள்ளை மட்டும் பிழைக்க வேண்டுமா என்று அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அது வாயைத் திறந்து தேடியது. கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளை யாரும் என்னிடமிருந்து வாங்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

பாப்பா இங்கிலீஷுக்கு முன்னால் எங்கள் தமிழைத்தான் பேசினாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். ஜெபம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்து அதற்கும் உதவியது, இன்றைக்கு இதை எழுதவும் உதவுகிறது. ஒரு நாள் பங்களா விறாந்தையில் அவள் தன் பொம்மைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். பெரட்டு என்றாள். குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கை இருப்பது சாப்பிடவும் சாமியைக் கும்பிடவும் ஆயாவைக் கட்டிக்கொள்ளவும்தான் என்று சொன்னேன். சரி என்று கட்டிக்கொண்டாள். துரை என்னை அடிக்கலாம், என் புருஷனை அடிக்கலாம், அது எங்கள் தலையெழுத்து. நான் பாலூட்டிய பிள்ளையின் கை மட்டும் அந்த ஆளுடைய கையாகிவிடக் கூடாது. எனக்கு இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் முன்பு ஸ்டோரில் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அரைத்த கொழுந்தை அனலில் காய வைக்கும் இடத்தில் அவருக்கு வேலை. தேயிலைக்கு ஈரம் எமன். காய்ந்த தூளில் ஈரக்காற்றுப் பட்டாலும் மணம் போய்விடும். ஒரு மழை நாளில் யாரோ நனைந்த பெட்டியொன்றைத் தூளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். துரை வந்தபோது அங்கே நின்றவர் இவர். பிரம்பால் அடித்தது போதாமல் பெட்டியின் மூடியை இவருடைய கைமேல் போட்டார். சுண்டுவிரல் ஒடிந்தது. ஈரத்தைக் கிட்டே சேர்க்கமாட்டேன் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் சொல்ல வைத்தாராம். அதன் பிறகு, பங்களாவில் சமையலும் எடுபிடியும் பார்த்த அப்பு அடி தாங்காமல் இரவோடிரவாக ஓடிவிட, இவரைக் கொண்டுவந்து அப்புவாக வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அதைப் பதவி உயர்வு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது.

பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால் துரை இரண்டாம் கல்யாணம் பேசி முடித்தார். பெண் சீமையில். அவருடைய சிநேகிதர் ஒருவர் ஜப்பானில் தேயிலை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு பழைய ஊரில் செய்யும் அரக்குப் பூசிய பெட்டி உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது, வரப்போகிறவளுக்கு அதுதான் தோதான பரிசு என்று எழுதியிருந்தாராம். துரைக்கு விடுமுறையும் பாக்கி இருந்தது. பிள்ளையைப் பார்க்க நான், பெட்டி தூக்க என் வீட்டுக்காரர். எங்களைக் கேட்கவா போகிறார்? அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. பண்டாரவளை வரைக்கும் வண்டியில் போய், அங்கே ரயில் ஏறி, அப்புத்தளை முகட்டைத் தாண்டிக் கொழும்புக்கு இறங்கினோம். கப்பலிலும் பிரம்பு அவர் கூடவே வந்தது. தேநீர் ஆறிப்போனதற்காக என் வீட்டுக்காரருடைய முழங்காலில் விழுந்த அடியைக் கப்பலில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார்கள்.

இறங்கிய துறைமுகத்தில் சிநேகிதர் ஒரு வழிகாட்டியை அனுப்பியிருந்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட ஜப்பான்காரர், இங்கிலீஷ் பேசுவார். அவரோடு ரயிலில் போய், கடைசியில் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவில் மலைப்பாதையில் ஏறினோம். வழியில் ஒரு தோப்பில் மரங்களின் பட்டையெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். கீறலில் வழிந்தது கறுத்து உறைந்திருந்தது. கீழ் ஊவாவில் அப்போதுதான் ரப்பர் மரம் கீறத் தொடங்கியிருந்தார்கள், அதனால் எனக்கு ஓரளவு விளங்கியது. அரக்கு என்று நாம் சொல்வது பூச்சி கட்டுவது, இந்த ஊர் அரக்கோ மரத்தின் பால். ஒரு வித்தியாசம் உண்டு. ரப்பர் மரத்தை வருஷக்கணக்கில் வைத்துக் கறப்பார்கள். இந்த மரத்தை ஒரே வருஷத்தில் வேர் முதல் கிளை வரைக்கும் கீறி, இருக்கிற பாலையெல்லாம் எடுத்துவிட்டு வெட்டிச் சாய்த்துவிடுவார்களாம். வழிகாட்டி அதைச் சொன்னபோது துரை, சிக்கனமான முறை என்று மெச்சினார். என் வீட்டுக்காரர் ஒரு மரத்தைத் தொடப் போனார், வழிகாட்டி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். பச்சைப் பால் பட்டால் தோல் வெந்துபோகுமாம்.

ராஜாக்கள் காலத்து ஊர் அது. வீடுகள் எல்லாம் கறுத்த மரம், வாசல் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். தெருவோரத்துக் கால்வாயில் மலைத்தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர் எங்கள் நுவரெலியாக் குளிரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எங்களைப் பார்க்கத் தெருவே திரண்டது. பாப்பாவின் பொன்முடியைத் தொட்டுப் பார்க்க வந்த ஒரு கிழவியைத் துரை பிரம்பு நுனியால் ஒதுக்கித் தள்ளினார். சத்தமாகச் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அரக்கு வேலை செய்யும் ஆசாரியின் வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, பேச்சுக் குறைவு. முன்கட்டில் கடை, பின்கட்டில் பட்டறை. பட்டறைக் கதவைத் திறக்கும்போதே அதட்டல், சீக்கிரம் மூடு என்று. ஒரு துளி தூசி விழுந்தால் பூச்சு கெட்டுவிடுமாம். உள்ளே தூசியே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கோயில் பலிபீடத்தில்கூட அவ்வளவு துப்புரவு கிடையாது. ஒரு கிண்ணத்துக்கு இத்தனை பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடியும் பூச்சு என்று மாசக்கணக்கில் இழுக்கும் வேலை. கடைசிப் பூச்சு முடிந்த கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. கறுப்பில் என் முகம் தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கானவை என்று வழிகாட்டி சொன்னார்.

துரையும் ஆசாரியும் வழிகாட்டியும் பெட்டியைப் பற்றிப் பேச முன்கட்டுக்குப் போனார்கள். எங்களைப் பட்டறையிலேயே ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாப்பா என் மடியில் தூங்கிப்போனாள். பட்டறையில் ஒரு வேலைக்காரன்தான் இருந்தான். அவன் ஒரு பெரிய மர அலமாரியைத் திறந்தான். நனைத்த துணியால் அதன் உட்பலகைகளைத் துடைத்தான், வாயில் தண்ணீரை வைத்து உள்ளே புகைபோல ஊதினான். பிறகு அந்தக் கல்யாணக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய் அலமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“ஈரத்துல வச்சிட்டுப் போயிட்டான் புள்ள. அத்தனையும் பாழாப் போயிரும். அந்தப் பயலக் கொன்னே போட்டுருவாங்க.”

“அவங்க சாமான், அவங்க பாடு. நீங்க சும்மா குந்துங்க.”

சும்மா குந்துகிற மனிதரா அவர்? அந்த வேலைக்காரனுக்குப் பரிந்துகொண்டார். தான் வாங்கிய அடியை அவன் வாங்கப்போகிறான் என்று உண்மையாகவே நம்பினார். அறையின் நடுவில் கணப்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அலமாரியைத் திறந்து கிண்ணங்களை எடுத்துக் கணப்பைச் சுற்றி வட்டமாக வைத்தார். ஸ்டோரில் இருபது வருஷம் பழகிய கை, ஒரு கிண்ணம் இன்னொன்றில் இடிக்கவில்லை. பிறகு, தீ போதாது என்று குனிந்து ஊதினார். சாம்பல் கிளம்பிப் பூப்போல எல்லாக் கிண்ணத்திலும் இறங்கி ஒட்டிக்கொண்டது.

அந்த அரக்கு ஈரத்தில்தான் காயுமாம். ஈரம் இல்லாவிட்டால் காயவே காயாதாம். இதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். உலகத்தில் எவனாவது இதை நம்புவானா? தேயிலைக்காரன் நம்பமாட்டான்.

ஆசாரி வந்து பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்த வேலைக்காரனைக் கூப்பிட்டு, அறையை விட்டுப் போனதற்காகக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். அங்கேயும் இப்படித்தானா என்று எனக்குப் பட்டது. என் வீட்டுக்காரர் காப்பாற்ற நினைத்த கன்னம் அதுதான். அடுத்து ஒரு சின்னக் கோடரியை எடுத்துக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துப் பிளந்தார். மாசக்கணக்கான வேலை, விறகு மாதிரி உடைந்தது. பாப்பா அந்தச் சத்தத்தில் விழித்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

துரைக்கு வெளியார் முன்னால் மானம் போய்விட்டது. பிரம்பு என் வீட்டுக்காரருடைய தோளில், முதுகில், தலைக்கு மறைப்பாகத் தூக்கிய கையில் என்று விழுந்தது. அவர் ஓடவில்லை, மன்னிச்சுக்குங்க தொரை என்று சொல்லிக்கொண்டே சுருண்டார். காதோரம் கிழிந்து சட்டையில் ரத்தம். நான் கத்தினேன். அப்போது ஆசாரி பாய்ந்து துரையின் மணிக்கட்டைப் பிடித்தார். ஆகா, ஒரு மனிதன் இருக்கிறானே என்று என் நெஞ்சு நிறைந்தது. வழிகாட்டி அவர் சொன்னதை மொழிபெயர்த்தார்: இங்கே அடிக்க வேண்டாம், தூசி பறக்கிறது, வெளியே கொண்டுபோய் அடியுங்கள்.

துரை கையை உதறினார். உதறிய வேகத்தில் சறுக்கி, பச்சை அரக்குப் பால் வைத்திருந்த மரத்தொட்டியின் மேல் விழுந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் உள்ளே. எழுந்தவர் அதே கையால் முகத்து வேர்வையை வழித்தார். வேலைக்காரன், அடி வாங்கிய அதே ஆள், எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து துடைக்கப் போனான். துரை அவனை எட்டி உதைத்துவிட்டு, கால்வாயில் இறங்கிச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அரக்குப் பாலைத் தண்ணீரும் சவுக்காரமும் எடுக்காது. என் வீட்டுக்காரர் மேலேயும் தெறித்திருந்தது. வேலைக்காரன் எண்ணெய் பூசச் சொன்ன இடத்திலெல்லாம் அவர் பணிவாகப் பூசிக்கொண்டார்.

மறுநாள் துரைக்கு அரிப்பு. அதற்கு அடுத்த நாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கண் இரண்டும் இல்லாமல் போய், இருந்த இடத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது. கைவிரல்கள் மடங்கவில்லை. ஆசாரியின் மனைவி ஆற்று நண்டை இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கு வந்தாள், அதுதான் அங்கே மருந்தாம். துரை கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அவள் பாயைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை என் வீட்டுக்காரர் கையில் இருந்த கொப்புளத்தில் தடவிவிட்டுப் போனாள். ஊர் வைத்தியர் தன்னைத் தொடக் கூடாது, வெள்ளைக்கார டாக்டர்தான் வேண்டும் என்று துரை அடம்பிடித்ததால் வழிகாட்டி துறைமுகத்துக்குப் போய்விட்டார். சத்திரத்து அறையில் நாங்கள் நாலு பேர்தான். வெளியே பாஷை தெரியாத ஊர்.

அந்த நாட்களில் துரையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது? சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும்போது இன்னும் கொஞ்சம் வீங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான் காது பிளந்த வலியோடு அவருக்குக் கஞ்சி ஊட்டினார், கால் கழுவிவிட்டார், கொப்புளத்துக்கு விசிறினார். எனக்கு வயிறு எரிந்தது. கண்ணில்லாதவர் மேல் என்ன கோபம் என்பார். இவரைப் போன்றவர்களால்தான் அவரைப் போன்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நான் திட்டினேன்.

டாக்டர் வருவதற்கு முந்திய பகல். கஞ்சி சூடாக இருந்தது, துரையின் உதட்டுப் புண்ணில் பட்டுவிட்டது. பிரம்பை வீசினார், அது தூணில் பட்டுத் தெறித்தது. மறுபடி வீசினார், காற்றுத்தான். வீங்கிய கை வலித்திருக்க வேண்டும், ஊளையிட்டார். பிறகு அமைதியாகி, பாப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, தடவித் தடவி அவளுடைய கையைக் கண்டுபிடித்து அதில் பிரம்பை வைத்தார். இனி நீதான் அப்பாவுடைய கண், அப்பாவுடைய கை, அப்புவை அடி என்று சொன்னார். என் வீட்டுக்காரரை மண்டியிடச் சொன்னார். அவர் மண்டியிட்டார்.

பாப்பா என்னைப் பார்த்தாள். அவருடைய தோளில் பிரம்பால் லேசாகத் தட்டினாள், கோழியை விரட்டுகிற மாதிரி. எனக்குச் சத்தம் கேட்கவில்லையே என்றார் துரை. இன்னொரு தரம் தட்டினாள். கேட்கவில்லை, நீ என் மகள்தானா என்றார். பிள்ளையின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். உதடு இறுகியது. பிரம்பைத் தலைக்கு மேலே தூக்கினாள். என் வீட்டுக்காரர் கிழிந்த காதை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார்.

நான் போய் அவள் கையிலிருந்து பிரம்பை வாங்கினேன். யோசித்துச் செய்ததாகச் சொல்லமாட்டேன். என் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, துரையின் வீங்கிய இரண்டு கைகள் மேலேயும் குறுக்காக ஒரே அடி அடித்தேன். கொப்புளங்கள் உடைந்து நீர் தெறித்தது. அந்த மனிதர் மிருகம் மாதிரி அலறினார். இத்தனை வருஷத்தில் பட்ட எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அலறல் எனக்குக் காணாது. ஆனால் இனித்தது.

“யாரு?” துரை எங்கள் தமிழில் கேட்டார். “அடிச்சது யாரு? சொல்லு. ஜெயில்ல போட்டு அழுக வைக்கிறேன்.”

அந்நிய ஊர், தோட்டத்துப் பக்கம் போனாலோ போலீஸும் நீதிமன்றமும் அவருடைய ஆட்கள், எங்களுக்குத் திரும்பிப் போகக் கப்பலும் அவர் தயவு. என் வீட்டுக்காரர் தான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள். இங்கிலீஷில், கொஞ்சமும் தடுமாறாமல், நான்தான் அப்பா, அப்புவைப் பார்த்து அடித்தேன், தவறி உங்கள் மேல் பட்டுவிட்டது என்றாள்.

துரையின் வீங்கிய வாய் விரிந்தது. சிரித்தார். என்ன கை உனக்கு, என் மகளேதான் என்றார்.

பிள்ளை எங்களைக் காப்பாற்றிவிட்டாள். என் பால் வீண்போகவில்லை என்று கண்ணில் நீர் முட்டியது. குனிந்து அவளைத் தூக்கப் போனேன். அவள் என் காதருகே வாயை வைத்து, துரைக்குக் கேட்காமல், தமிழில் கேட்டாள்.

“ஆயா, நல்லா இருந்திச்சு. குடு, இன்னொன்னு நான் போடுறேன்.”

அவள் பிரம்பின் நுனியைப் பிடித்துவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். இழுத்தாள். மண்டியிட்டபடியே என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

“குடுத்துராத புள்ள. என்ன ஆனாலும் குடுத்துராத.”

நான் கொடுக்கவில்லை. பாப்பா பிரம்பை விட்டுவிட்டாள். கையைப் பின்னுக்கு வாங்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு, என் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள். சின்னக் கைதான். அறை முழுக்கக் கேட்டது.

துரை சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். அப்புவுக்கா என்று திருப்தியோடு கேட்டார். ஆமாம் அப்பா என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. அதுதான் சரியான அடி என்றார்.

என் புருஷன் வாங்கிய அடிக்கெல்லாம் நான் கத்தியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறேன், ஒரு நாளும் அழுததில்லை. அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். பாப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பசிக்கிறது என்றாள். எழுந்துபோய் அவளுக்கு ஊட்டினேன்.